ஏழாவது கட்டில்

விடியற்காலை மூன்று மணி.
தேசிங்கு, ஐம்பத்தெட்டு, கொருக்குப்பேட்டை.
சாயங்காலத்திலிருந்து பதினாறு முறை போயிருக்கிறது.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது.
கையைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு நரம்பும் இல்லை.

நரம்பு என்றுதான் வார்டில் எல்லாரும் சொல்கிறோம்.
நரம்பு வேறு, சிரை வேறு.
இந்நேரத்தில் யார் திருத்துவது?

ரப்பரை இறுக்குகிறேன்,
கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல்கிறேன்.
முழங்கை மடிப்பில் குறுக்கே ஒன்று, எப்போதும் இருக்கும்.
மடக்கினால் சொட்டு நின்றுவிடும்.
அதற்கு அடியிலேயே தமனி துடிக்கிறது,
இங்கே வராதே, இங்கே வராதே என்று.
சுண்டுவிரல் பக்கத்தில் ஓடுவது
தொட்டால் புரளும்,
கடன் கொடுத்தவனைப் பார்த்துச்
சந்துக்குள் திரும்புகிறவன் மாதிரி.

புறங்கையில் ஒன்று தென்பட்டது. குத்தினேன்.
வெடித்து நீலமாய் மேடிட்டது.
சாரிண்ணே.

"இன்னா சிஸ்டர், லைன் சிக்கலயா?"

தண்ணீர் வாரியத்தில் இருபத்தேழு வருஷம் வால்வு ஆளாம்.
ராத்திரி ரோட்டில் இரும்புக் கம்பியை ஊன்றி
மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாராம்
தாருக்கு அடியில் எங்கே கசிகிறதென்று.
"மேப்புல குழாய் ஸ்கூல் பக்கமா போவும்.
நெசத்துல கறிக்கடைக்கு அடில கீது."

பாடப்புத்தகத்துக் கையில்
எல்லாம் நீல மையில் ஓடும்.
அந்தக் கை இதுவரை
என் டியூட்டியில் அட்மிட் ஆனதில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன்.
கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே,
அமுக்கினால் மெதுவாக எழும்புகிறது ஏதோ.
தசைநார் என்றால் கம்பியாய் விறைக்கும்.
இது விறைக்கவில்லை.
நடுவில் சின்ன முடிச்சு.

"இங்க ஒரு வால்வு இருக்குண்ணே."
"என் கைக்குள்ளயா?"
"ரத்தம் பின்னால வராம இருக்க."
"யாரு தொறக்கறது?"
"யாரும் இல்ல. தானாத்தான்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
"அப்ப எங்களுக்கு வேலயே இல்லன்ற."

முடிச்சைத் தாண்டி, தோலை இழுத்துப் பிடித்து,
ஊசியைச் சாய்த்தேன்.
டாக்டர் கேட்டது பச்சை. போனது பிங்க்தான்.
போகட்டும்.
பின்னறையில் சிவப்பு எட்டிப் பார்த்ததும்
தணித்து, குழலை மட்டும் நகர்த்தி,
ரப்பரை அவிழ்த்துவிட்டு
மூச்சு விட்டேன்.

பிளாஸ்டர் ஒட்டித் திரும்பினால்
மனுஷன் அந்தக் கையை மெல்லத் தூக்கிக்
காதோரம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஆட்டாதீங்கண்ணே, அவுட் ஆயிடும்!"

உஷ், என்றார்.