யாரோ கேட்டு

வங்கிப் படிவத்தில்
கட்டடத்தின் வயது என்றொரு கட்டம்.
அதை அப்படியே விட்டுவிட்டு
டேப்பை இழுத்தேன்.

ஹாரோகேட் என்று தூணில் வெட்டியிருக்கிறது.
நாகலூர் பஸ்ஸில் கண்டக்டர் கூவுவது
"யாரோ கேட்டு, யாரோ கேட்டு எறங்கு."

கட்டியவன் டாட்வெல் துரை.
சீமையில் தன் தகப்பனுக்கு மாளிகை என்று
கிளப்பில் சொல்லித் திரிந்தானாம்.
அதே வீட்டை இங்கே எழுப்பினான்
சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் அரைத்து.

பின்பக்கம் அளந்தேன்.
ஓர் அங்குலம் பிசகவில்லை.
பூட்ஸின் சேறு வழிக்கும் இரும்பு,
எந்த அறையில் மணி அடித்ததென்று காட்டும் பலகை,
கொட்டிலுக்கு இறங்க மூன்று படி,
நிலக்கரி போட ஓர் அறைகூட.
சேர்வராயனில் எவன் கண்டான் நிலக்கரியை?

முன்பக்கம் வந்தால்
ஜன்னலுக்கு ஜன்னல் உயரம் வேறு.
மாடிப்படி எட்டு ஏறிச்
சுவரில் முட்டி நிற்கிறது.
யாரிடமோ கேட்டுக் கட்டிய மாதிரி.

அங்கேதான் எனக்கு உறைத்தது.
டாட்வெலின் அப்பன் அந்த மாளிகையில்
குதிரை தேய்த்தவனாக இருந்திருப்பான்.
மகன் பார்த்து வளர்ந்தது
கொட்டிலிலிருந்து தெரிந்த வீடு.

குறைபாடுகள் என்ற கட்டத்தில்
இதை எப்படி எழுத?
"படிக்கட்டு முழுமையற்றது" என்றேன்.

காப்பியில் தண்டுத்துளைப்பான் விழுந்த வருஷம்
துரை விற்றுவிட்டுப் போனான்.
வாங்கியவர் சேகோ ஆலை நாச்சிமுத்து.
தலைவாசல் தெற்குப் பார்க்கிறதே என்று
செங்கல் வைத்து அடைத்தார்.
நிலக்கரி அறையில் கமலா ஆரஞ்சு,
பிறகு மிளகு,
பிறகு மூன்று தேர்தலின் தட்டிகள்.
இப்போது ரிசார்ட்டுக்காரர், கடன் கேட்டு.
எல்லாரும் பின்வாசலில் நுழைந்தவர்கள்.
நானும்தான்.

அடைத்த வாசலின் அடியில்
சில்வர் ஓக் சருகை ஒதுக்கினேன்.
சுண்ணாம்புத் தளத்தில் ஒரு பாதம்.
ஈரம் காயுமுன் மிதித்தது.
விரல் ஐந்தும் விரிந்து, குதிகால் ஆழமாய்.
தலையில் கனம் இருந்திருக்கிறது.
கல் சுமந்த மலையாளிக்குடிப் பெண்,
கதவு வருவதற்கு முன்
நேராக உள்ளே போயிருக்கிறாள்.

காவல்காரர் வெள்ளையன் எட்டிப் பார்த்தார்.
"எங்காளுங்கதான் சார். பேரெல்லாம் ஆரு வெச்சிருந்தா."

இருபத்தொன்றரை சென்டிமீட்டர்.
அளந்துவிட்டேன், எழுதத்தான் கட்டமில்லை.
கட்டடத்தின் மதிப்பு, தேய்மானம் போக, பூஜ்யம்.
மனைக்கு மட்டும் விலை.

நுழைவாயில் எத்திசை என்ற இடத்தில்
தெற்கு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.