ஆழம் தெரிந்தும்

நிலநடுக்கத்தில் இந்தத் தெரு இறங்கியது
ஒரு முழம், சில இடத்தில் ஒன்றரை.
அதற்கே சாக்கடைக்கு வழி மறந்துவிட்டது.
சரிவு போனால் தண்ணீருக்குத் திசை போயிற்று.

அதனால்தான் கிறைஸ்ட்சர்ச்சின் கிழக்கே
வீட்டுக்கு ஒரு தொட்டி புதைத்தோம்.
நானும் தாஃபையும் புதைத்தவை நூற்றுப்பதினொன்று.
பச்சை மூடி, ஆறு போல்ட்டு,
உள்ளே அரைத்துத் தள்ளும் பம்பு,
மட்டம் ஏறினால் தலைதூக்கும் மிதவை,
போனது திரும்பாமல் தடுக்க ஒரு வால்வு,
சுவரில் பெட்டி, பெட்டியில் சிவப்பு விளக்கு.
மேடேறாத நீரை மேடேற்றும் வேலை.
விருந்தில் யாரும் விசாரிக்காத வேலை.

நேற்றிரவு பதினொன்றேகாலுக்கு
மோராக் பெட்டிக்ரூ வீட்டில் விளக்கு எரிந்தது.
போனில் அவள் பேச்சில் பாதி காற்று,
சொற்கள் வழுக்கி வழுக்கி விழுந்தன.
"பதறாதீர்கள், தொட்டி ஒரு நாள் தாங்கும்.
குளிக்க வேண்டாம். துணி துவைக்க வேண்டாம்.
மூடியைத் தொடவே வேண்டாம்."
கடைசியாகச் சொன்னது
மருமகன் லாக்லன் காதுக்குப் போகவில்லை.

நாங்கள் போனபோது மூடி புல்லில் கிடந்தது.
ரப்பர் பூட்ஸ், நெற்றியில் டார்ச்,
ஏணியை இறக்கி
முதல் படியில் ஒரு கால் வைத்திருந்தான்.
"இரண்டு மீட்டர்தானே. நான் ஆறடி.
முதலில் அழுகிய முட்டை வாடை அடித்தது,
இப்போது பழகிவிட்டது, ஒன்றுமே இல்லை."

பழக்கமில்லை அது.
வாடை தெரியும்வரை மூக்கு உயிரோடு இருக்கிறது.
வாடை நின்றால் மூக்கு செத்துவிட்டது.
அடுத்தது நீ.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள்
தாஃபை மாவோரியில் கத்தினான்.
எனக்குப் புரிந்தது ஒரே சொல்: வெளியே.

வாயுமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம்.
ஒரு கை ஆழம், சத்தமில்லை.
இரண்டு கை ஆழம்,
வாலை மிதித்த பூனைபோல
விடாமல் அலறியது அந்த மஞ்சள் டப்பா.
லாக்லன் காலை எடுத்தான்.
எடுத்த கால் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இவன் தெரிந்துதானே விட்டான்.
டேப் பிடித்து அளந்து நானே போட்ட தொட்டி,
ஒரு விரல் கூடுதல் குறைவு இல்லை.
ஆழம் தெரிந்தும் விடாதே.

பிறகு வேலை, வழக்கமான அலுப்போடு.
மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்திய இடத்தில் பூட்டுப் போட்டு,
சாவியை என் சட்டைப்பையில் வைத்து,
வால்வைத் திருகி மூடி,
புல்லில் நின்றபடியே சங்கிலியை இழுத்தோம்.
அப்போது பிறந்த கன்றுபோல
வழுவழுவென்று மேலே வந்தது பம்பு.

அரைக்கும் கத்திகளுக்கு நடுவே
மேல்வரிசைப் பல்செட் ஒன்று.
இரும்புப் பல்லும் பிளாஸ்டிக் பல்லும்
ஒன்றையொன்று கடித்தபடி.

மோராக் வாயைப் பொத்திக்கொண்டாள்.
"நண்டு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வந்தது.
சொல்ல வெட்கமாயிருந்தது.
இவனிடம் மட்டும் சொன்னேன்."
ஆயிரத்துச் சொச்சம் டாலர் பல்லுக்காக
ஒரு மருமகன் இறங்கப் பார்த்திருக்கிறான்.
நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.
அவள்தான் முதலில் சிரித்தாள்,
பல்லில்லாமல், வாய் நிறைய.

"கொதிக்க வைத்தால் போட்டுக்கொள்ளலாமா?"
"வேண்டாம், மோராக்."
"வினிகரில்?"
"வேண்டாம்."

குழாயடியில் முழங்கை வரைக்கும்
இரண்டு தரம் சோப்புப் போட்டேன்.
சிவப்பு விளக்கு அணைந்தது. பம்பு ஒருமுறை கனைத்தது.
அந்த வீட்டின் இரவு
தெருவுக்கு அடியில் மேடேறிப் போயிற்று.

இந்தப் பம்பை வரைந்தவர் யாரென்று தெரியாது.
எந்த ஊரில், எந்த மேசையில் உட்கார்ந்து வரைந்தாரோ.
சங்கிலியை அவர் அரை மீட்டர் குறைத்திருக்கலாம்,
காசு மிச்சமாகியிருக்கும்.
குறைக்கவில்லை.
மேலே நிற்பவர் கைக்கு எட்டும்வரை
வளையம் வளையமாகக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

கடைசி வளையத்தைக் கொக்கியில் மாட்டினேன்.
மூடி. ஆறு போல்ட்டு.
ஐந்தாவது கொஞ்சம் துருப்பிடித்திருந்தது,
வியாழக்கிழமை மாற்ற வேண்டும்.