முதுகுப் பக்கம்

ஒன்பது வருசம் ஜோடியாக ஆடியும்
கௌசிகா சர்வ் போட்டு நான் பார்த்ததில்லை.
வலையோரம் நிற்பவள் திரும்பக் கூடாது.
ஒருதரம் திரும்பினேன், துனிசியாவில்.
பிடரியில் பந்து.
சிரித்துக்கொண்டே ஐஸ் வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான்.
ஷூ ஒருமுறை தேயும்.
பந்தை மூன்று தரம் தரையில் தட்டுவாள்.
நாலாவது தட்டு கேட்டால் பயந்திருக்கிறாள்.
பிறகு மூச்சு, பிறகு அடி.
அடியின் கனத்தை வைத்தே சொல்வேன்
பந்து அகலப் போகிறதா, உடம்புக்குப் போகிறதா என்று.

அவளுக்குத் தெரிந்தது என் முதுகும்
அதன் பின்னால் என் விரல்களும்.
மூடிய கை: நிற்கிறேன்.
விரித்த கை: குறுக்கே பாய்வேன்.
சுண்டுவிரல் மட்டும் என்றால்
எனக்கு இன்றைக்குக் காய்ச்சல், எல்லாம் உன்னுது.

தரவரிசையில் நான் தொட்ட உச்சம் இருநூற்றுப் பதினாறு,
அவள் இருநூற்றுப் பதினொன்று.
அந்த ஐந்து இடம்
நான் டெங்குவில் கிடந்த வாரம்
வேறொருத்தியோடு ஆடிச் சம்பாதித்தது.
திருப்பூரில் கட்டிங் மேசையிலிருந்து நிமிர்ந்து
அப்பா கேட்டார்,
"இருநூறுன்னா பாஸா பெயிலா, சாமி?"
பெரியம்மாவுக்கு வேறு சந்தேகம்:
"ரெண்டு பேரா ஆடுனா பாதிக் களைப்புத்தானே?"
பாதிப் பணம், பெரியம்மா.

நாற்பது பக்க நோட்டு ஒன்று, கௌசிகா கையெழுத்தில்.
கால் இறுதிக் காசு, வகுத்தல் இரண்டு.
நரம்பு கட்ட, டாக்சி, முட்டை ஒரு டஜன்,
என் விசாவுக்கு அவள் போட்டது.
மாதக் கடைசியில் கூட்டுவோம்,
இல்லையென்றால் தூங்கிவிடுவோம்.

எந்த நாட்டு மைதானத்திலும் எங்கள் கூப்பாடு ஒன்றே:
"என்னுது!" "உன்னுது!" "உடு, உடு!"
எதிராளிக்குப் புரியாது என்ற தைரியம்.
ஒரு செர்பியாக்காரி மட்டும் பிடித்துக்கொண்டாள்.
கை குலுக்கும்போது சொன்னாள்: "உடு, உடு."

போன தையில் போன்.
"கோவிச்சுக்காத. விஜயவாடாப் பொண்ணு ஒருத்தி.
உன்ர முட்டியப் பத்தி நான் எதும் சொல்லுல."
சொல்லவில்லைதான்.
நோட்டு அவளிடமே இருந்தது.

ஆடியில் கோயம்புத்தூரில் சின்னப் போட்டி.
முதல் சுற்று அட்டவணையில்
என் பெயருக்கு நேர் கீழே அவள் பெயர்.
எப்போதும் அப்படித்தான் இருக்கும்,
இந்தமுறை இடையில் ஒரு கோடு.

கணவாய்க் காற்று வலையை உப்ப வைத்தது.
அப்போதுதான் பார்த்தேன்.
பந்தை இத்தனை தாழ்வாகவா தூக்குவாள்?
நெற்றிக்கு மேலே ஒரு முழம், அவ்வளவே.
பல்லடத்தில் பழகியவள்,
உயரத் தூக்கினால் பந்து காற்றாலைக்குப் போய்விடும்.
நாக்கு நுனி இடது கடைவாயில் எட்டிப் பார்க்கிறது.
ஒன்பது வருசம் என் முதுகு பார்த்திருந்த முகம்.

கண்ணை நம்பிய மூன்று பந்தும் வலையில்.
நாலாவதுக்குக் காதைக் கேட்டேன்.

மூன்றாம் செட், பத்துப் புள்ளி ஆட்டம், எட்டுக்கு எட்டு.
சர்வ் அவளுடையது.
நான் தூக்கி அடித்தேன்,
விஜயவாடாப் பெண்ணின் தலைக்கு மேலே.
பின்னாலிருந்து ஓடிவந்து
"என்னுது!" என்றாள் கௌசிகா.
அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, நின்றாள்.
என் கால்களுக்குப் புரிந்தது.
இரண்டு எட்டு வைத்து
அவள் விட்டுவந்த இடத்தை அடைத்து நின்றேன்,
வலைக்கு இந்தப் பக்கம்.
நான் விட்டுவந்த இடத்தில் பந்து இறங்கியது.

பூனாக்காரி, என் புது ஜோடி, என்னைப் பார்த்தாள்.
இதற்கு எனக்கு இந்தி வரவில்லை.
அடுத்த புள்ளியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் வந்து நின்றாள்,
கையில் நோட்டு.
"ஆயரத்து நூத்தி நாப்பது நான் தரோணும்.
முட்டை சேக்கல."
"அது கெடக்குது" என்றேன்.
"எட்டுக்கு எட்டுல நாலு தட்டுனயே?"

பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.
"கேட்டுச்சா?"