கையொப்பம் ஒத்துப்போகவில்லை

படிவத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.
கத்தி மொட்டை.
பதினாறு வருசம் கேஸ்வேர்க்ஸ் வீதியில்
கடதாசி வெட்டியவனுக்கு
இதை யாரும் சொல்லத் தேவையில்லை.
அந்த மெசின்தான் என் வலக்கையை
மணிக்கட்டுக்கு மேலே எடுத்தது,
ஒரு சனிக்கிழமை, சம்பளத்துக்குச் சற்று முன்னால்.

பெயர்: செபமாலை ரெஜினோல்ட்.
முகவரி: கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி,
தோட்டத்துக்குள்ளே, பைப்படிக்கு எதிர்ப்புறம்.
ஊனத்தின் தன்மை என்ற இடத்தில்
கிராம சேவகர் எனக்காக எழுதினார்,
சிங்களத்தில், நான் சொன்னதைவிடச் சின்னதாக.
புள்ளிக்கோட்டில் ஒப்பம் வைத்தேன் இடக்கையால்.
மைக்குள் விழுந்து எழும்பிய எறும்பு
நடந்து போனது போல இருந்தது.

ஐந்து மாதத்தில் படிவம் திரும்பி வந்தது.
அடையாள அட்டையில் உள்ளதும் இதுவும்
ஒத்துப்போகவில்லை.

மூன்றாம் கவுண்டர் சந்தமாலி மிஸ் கெட்டவர் இல்லை.
ஒப்பம் வைத்த கை இப்ப இல்லை மிஸ்,
இல்லாதபடியால்தானே இந்தப் படிவமே என்றேன்.
"எனக்கு விளங்குது ஐயா. மேல விளங்காது."
பேனையை மூடினார், திறந்தார்.
சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி,
இரண்டு சாட்சி,
வைத்தியச் சபைக்கு ஒரு திகதி.
திகதிக்கு இன்னொரு திகதி.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஃபளீல் நாநா.
நிமிர்ந்து இருக்க முடியாத மகனுக்காக
நாலு வருசமாக வருகிறார்.
எத்தனை மணிக்குத் தேத்தண்ணி வரும்,
எந்த ஐயா எந்தப் புதனில் லீவு,
எல்லாம் அவருக்குப் பாடம்.
வெளியே போனால் இடத்துக்குக் குடையை வைத்துவிட்டுப் போவார்.
ஒரு மாதம் குடை இருக்கவில்லை.
நான் யாரிடமும் கேட்கவில்லை.
இடத்தில் வேறொருவர் இருந்தார்.

மகள் ஷெரோமி அந்த வருசம்தான் முதலாம் வகுப்பு.
இருவருக்கும் ஒரே கொப்பி:
இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவளுக்கு.
அவள் 'அ'வின் சுழியில் தடுக்கி விழுவாள்,
நான் என் பழைய ஒப்பத்தின் வாலில்.
"அப்பா, கோட்டுக்கு வெளியால போகுது."
போகும்தான். கொப்பியை அமத்திப் பிடிக்க
இன்னொரு கை வேண்டுமே.
அவளே ஒரு சின்னக் கையை வைத்துப் பிடிப்பாள்,
நான் எழுதி முடியும்வரை,
தன் 'ஆ'வன்னாவைப் பாதியில் விட்டுவிட்டு.

ஓகஸ்டில் வேலைநிறுத்தம்.
நவம்பரில் கோப்பு மாளிகாவத்தைக்குப் போயிருந்தது,
ஏன் போனது என்று கோப்புக்கே தெரியாது.
மாசியில் சபை கூடியது.
"நிலைமையில் மாற்றம் ஏதும் உண்டா?"
டொக்டர் தலை நிமிராமல் கேட்டார்.
மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து
திரும்ப முளைத்துவிட்டன என்று சொல்ல
வாய் வரை வந்தது.
இல்லை சேர் என்றேன்.

சந்தமாலி மிஸ் ஹோமாகமைக்கு மாற்றலாகிப் போனார்.
புதிதாக வந்த தம்பி
அட்டையையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
நெடுநேரம் பார்த்தான்.
அதே வளைவு, அதே வால், அதே புள்ளி.
"அச்சொட்டா இருக்கே.
எந்தக் கை இல்லை என்று சொன்னீங்க?"

சட்டைக் கையை மடித்துக் காட்டினேன்.
அவன் முகம் சிவந்து முத்திரையைத் தேடினான்.
முத்திரை அவன் கையிலேயே இருந்தது.

கடிதம் வந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு.
கொடுப்பனவு இம்மாதம் தொடக்கம் என்று இருந்தது.
போன மாதங்களைப் பற்றி
அதில் ஒரு சொல் இல்லை.

பைப்படியில் மெற்றில்டா அக்கா கேட்கிறாள்,
தன் புருசனின் படிவத்தை நாலாக மடித்துப் பிடித்தபடி:
எவ்வளவு காலம் எடுத்தது, தம்பி?
ஒரு கொப்பி, இரண்டு பல் என்று சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
படிவத்தை வாங்கி விரித்தேன்,
விரல் தானாக ஓரத்துக்குப் போனது.
இன்னும் அதே கத்தி.