கண் எடுத்தல்

பாடாங் செராய் பஸ் நிற்கும் இடத்திலிருந்து
மோட்டாரில் பத்து நிமிஷம்.
எண்ணெய் நிலையம் தாண்டி,
செம்பனை லோரிகள் கிளப்பும் புழுதி தாண்டி
நாற்றுமேடை.
அங்கே எனக்கு வேலை
கண் எடுப்பது, கண் வைப்பது.

நாற்றின் பட்டையில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு ஜன்னல்.
உள்ளே வழுவழுப்பு, பச்சைக் குழந்தையின் உச்சி மாதிரி,
விரல் பட்டால் கெட்டுப்போகும்.
அதில் வேறொரு மரத்தின் கண்ணைச் செருகி
பிளாஸ்டிக் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுவேன்,
தண்ணீர் இறங்காமல்.
இருபத்தொரு நாள் கழித்துப் பிரித்து
நகத்தால் கீறினால் பச்சை: பிழைத்தது.
கறுப்புக்குக் கூலி கிடையாது.

எல்லாக் கண்ணும் ஒரே மரத்துக் கண்.
அதற்கு ஓர் எண் உண்டு, நிறையப் பால் தரும் எண்.
நூற்று நாற்பது ஏக்கரில்
ஒரே மரம் இருபத்தையாயிரம் தடவை நின்றது.

போன வருஷம் மழைக்கு மாதக் கணக்கு மறந்துபோனது.
மாசியில் காயவேண்டிய காடு மாசியில் நனைந்தது.
மங்கில் பாலுக்கு முன்னே தண்ணீர் நிறைந்தது.
பிறகு இலையில் வட்ட வட்டமாய்ப் பழுப்பு,
சிகரெட்டால் சுட்டதுபோல.
ஒரு மரம் கொட்டியது.
பேசிவைத்தாற்போல் மற்றதெல்லாம் கொட்டின.
பேசிவைக்க என்ன இருக்கிறது,
ஒரே ஆள்தானே.
வெயில் நேராகத் தரையில் விழுந்தது.
பால் வெட்டுக்காரர்கள் பாதிப்பேர்
கூலிம் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

காடே வெறுங்கிளையாய் நின்ற அந்த வாரம்
ஓடைக்கு அப்பால் ஒரு பச்சை தெரிந்தது.

சுடுகாட்டுக்குப் பின்னால் ஏழு மரங்கள்.
யாரும் நட்டதில்லை. கொட்டை வெடித்துத்
தெறித்த இடத்தில் முளைத்தவை.
ஒன்று கோணல்.
ஒன்றுக்கு அடி பருத்து யானைக்கால்.
ஒன்றைக் கீறினால்
மூக்குச்சளி மாதிரி நாலு சொட்டு, அவ்வளவுதான்.
அந்த நாலு சொட்டு மரத்தில்
ஓர் இலைகூடப் பழுக்கவில்லை.

ஷோஹெல் ஏறினான். அவன் ஊரில் ஈச்சமரம் ஏறியவன்.
மரத்துக்கு ஒன்றாய்ப் பச்சைக் குச்சி வெட்டிப் போட்டான்.
ஈரச் சாக்கில் சுற்றி
சோற்றுப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன்.

சின்ன மேனேஜர் ஹைருல் கேட்டார்:
என்ன நம்பர்?
நம்பர் இல்லை.
பால் எவ்வளவு?
சொன்னேன். சிரித்தார். கெட்டவர் இல்லை.
நம்பர் இல்லாததற்குப் பாரத்தில் கட்டம் இல்லையே என்றார்.

எனக்கு அது தெரியும்.
பிறப்புப் பத்திரம் இல்லாமல்
பத்தொன்பது வயதுவரை இருந்தவள் நான்.
என் கட்டத்தில் ஒரு கோடு போடுவார்கள்,
பேனாவைத் தூக்காமல்.

கழிவு நாற்று போடும் மூலையைக் கொடுத்தார்.
ஒன்றுக்குப் பத்தாக எழுபது ஒட்டினேன், கூலியில்லாமல்,
ஐந்து மணிக்கு மேல்.
சாயத் தகரத்தின் மூடியை வெட்டிப் பெயர் கீறிக் கட்டினேன்.
கோணல். சளி. யானைக்கால்.
மற்ற நாலுக்கும் இன்னும் பெயர் வரவில்லை.

ஒட்டும்போது ஒன்று நினைத்துக்கொண்டேன்.
நாங்கள் கண் வைக்கும் நாற்றெல்லாம் கொட்டையில் முளைத்தவைதான்.
மண்ணுக்கு மேலே ஒரே ஆள்.
கீழே, வேரில்,
இருபத்தையாயிரம் பேர்.
தலையை வெட்டிவிட்டு
நீ யார் என்று ஒருவரையும் கேட்டதில்லை நான்.

சளியே போதும் என்கிறான் ஷோஹெல்.
இந்த நோய்க்குச் சளி.
அடுத்து வருவதற்குக் கோணலோ என்னவோ,
வறட்சி வந்தால் யாரோ.
எனக்குத் தெரியாது.
தெரியாததால்தான் ஏழு.

நேற்றுப் பிரித்தேன்.
முப்பத்தொன்று பச்சை.
யானைக்கால் பத்தும் கறுப்பு.
ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகவேண்டும்.
ஷோஹெலின் பெர்மிட் ஐப்பசியோடு முடிகிறது,
அதற்குள் ஏறச் சொல்லவேண்டும்,
மழை விட்டால்.