இரண்டு பிள்ளைகள் வரை

உலான்பாத்தரில் விடிகாலை நான்கு.
மொண்டேவிடியோவில் அது நேற்றைய மாலை ஐந்து.
துவார்த்தே இடுப்புக்கு மேலே
வெள்ளைச் சட்டை, டை;
கீழே ஒட்டக ரோமத்தில் பின்னிய
பழுப்புக் காற்சட்டை.
கணினிக்கு அது தெரியாது.
குளியலறைக் குழாயை மூடிவிட்டு வந்து
அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்,
வாயில் பற்பசையின் காரத்தோடு.

திரையில் முதல்வர் கிராசியேலா.
அவள் தோளுக்குப் பின்னே ஒரு ஜன்னல்,
ஜன்னல் நிறைய வெயில்.
எங்கள் ஜன்னலில் நிலக்கரிப் புகை,
மைனஸ் இருபத்தெட்டு.
மூலையில் காற்றைச் சலிக்கும் எந்திரம்
சிவப்புக் கண்ணை மூடாமல் முனகுகிறது.

எங்களுக்கு நல்ல விலை உண்டு,
அது எங்களுக்கும் தெரியும்.
நான் கணிதம், அவன் உயிரியல்.
ஒரு வீட்டு வாடகைக்கு இரண்டு வாத்தியார்கள்.
தோஹா, தாஷ்கண்ட், இங்கே,
ஏழு வருடம், எங்கும் புகார் இல்லை.

"பிள்ளைகள்?"
"இரண்டு பேர்," என்றான் துவார்த்தே.
"இனேஷுக்கு ஆறு, லோரன்சுவுக்கு மூன்று."
"அருமை," என்றாள். "எங்கள் ஒப்பந்தம்
இரண்டு பிள்ளைகள் வரை.
படிப்பு, விமான டிக்கெட், மருத்துவம், எல்லாமே."

வரை.
கனிவாகத்தான் சொன்னாள்.
நான் தலையாட்டினேன்.
கணக்கு டீச்சர் தலையாட்டினால்
விடை சரி என்று அர்த்தம்.

பதினோரு நாள் தள்ளிப்போயிருக்கிறது.
போன வாரம்தான்
இங்கே இனி இருக்கமாட்டோம் என்று
படிவத்தில் கையெழுத்துப் போட்டோம்.
எங்கள் இடத்துக்கு விளம்பரமும் வந்துவிட்டது:
'தம்பதி விரும்பத்தக்கது.'

பில்கூன் அன்றைக்கே கேட்டான்,
கடைசி பெஞ்சிலிருந்து, தலை தூக்காமல்:
"நீங்களும் போறீங்களா மிஸ்?"
ஒன்பதாம் வகுப்புக்குள்
அவனுக்கு நான் ஐந்தாவது கணக்கு டீச்சர்.
நோட்டு அட்டையில் என் பெயரை
அவன் பென்சிலில்தான் எழுதியிருந்தான்.
நான் பலகைப் பக்கம் திரும்பி
ஏற்கெனவே அழித்த இடத்தை
மறுபடி அழித்தேன்.

பேட்டி முடிந்ததும் துவார்த்தே
டையோடு என்னைத் தூக்கிச் சுற்றினான்.
"கடல்! ஜூலையில் குளிர், ஆனாலும் கடல்!"
"இறக்கிவிடு, தலை சுற்றுது," என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

ஏழு மணிக்கு ஒயுன்சிமெக் வந்தாள்,
கண் இமைகளில் பனி வெளுத்திருக்க.
தினமும் போல உப்புப் போட்ட பால்தேநீர்.
ஆவி முகத்தில் பட்டதும்
நான் கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன்.
நேற்றும் தள்ளிவைத்தேன்.
அதற்கு முந்தின நாளும்.

நான்கு பெற்றவள்.
கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
எங்களுக்குள் இருப்பது
முப்பது சொற்களுக்குள் ஒரு பாஷை;
பாதி அவளிடமிருந்து லோரன்சு கொண்டுவந்தது.
அவன் முதலில் கற்ற சொல் பைஹ்குய், இல்லை.
ரொட்டி பைஹ்குய். தூக்கம் பைஹ்குய்.
அம்மா பள்ளிக்குப் போய்விட்டால்
அம்மா பைஹ்குய்.

அவள் தேநீரை எடுத்துப்போய்
வெறும் வெந்நீர் கொண்டுவந்தாள்.
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
என் வயிற்றைத் தொடவில்லை,
அதற்கு ஒரு சாண் தள்ளி
காற்றில் நிறுத்தினாள்.
"பைன்," என்றாள்.
இருக்கு.

கேள்வியாகச் சொன்னாளா தெரியவில்லை.
நானும் சொல்லிப் பார்த்தேன், மெதுவாக.
என் உச்சரிப்பை அவள் திருத்தவில்லை.

நடையிலிருந்து துவார்த்தேயின் குரல்:
"பூட்ஸ் மூன்றுதான் இருக்கு,
நாலாவது எங்கே?"
"பைஹ்குய்!" என்று கத்தினான் லோரன்சு,
பெருமையாக.
இனேஷ் மேஜைக்கடியில் சிரிக்கிறாள்.
பேருந்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்.
அவன் ஒற்றைப் பூட்ஸோடு சமையலறைக்குள் வந்தான்.
டையை இன்னும் கழற்றவில்லை.

"துவார்த்தே," என்றேன்,
"அதைக் கீழே வை.
கொஞ்சம் உட்கார்."