கிராதியை அறுத்தவன்

பதவியேற்ற மூன்றாம் நாள் காலை
என்னைக் கூப்பிட்டுவிட்டார்.
மாளிகைப் பராமரிப்புப் பிரிவில்
இரண்டாம்நிலை வெல்டர் நான், எர்மோகெனெஸ்.
அதுவரை என்னைத் தேடியதெல்லாம்
சமையலறைக் குழாய்கள்தான்.

ஜனாதிபதி கல்லிசாயா வெளியே நின்றிருந்தார்,
தொப்பியில்லாமல், மலைக்காற்றில்.
முப்பது வருஷம் நிலம் அளந்தவர்.
பேசிக்கொண்டே நடப்பார், நடந்துகொண்டே எண்ணுவார்.
"படியிலிருந்து கிராதிவரை எழுபத்தொரு அடி.
கிராதியிலிருந்து ஜனங்கள்வரை?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
"அறுத்துவிடு" என்றார்.

இருநூற்றுப் பன்னிரண்டு கம்பிகள்.
ஈட்டிமுனை வைத்தவை. கப்பலில் வந்து
கோவேறு கழுதை முதுகில் மலையேறியவை.
நான்கு நாள் அறுத்தேன்.
பொறி விழுந்து காலணியில் ஓட்டை,
அதை இன்னும் தைக்கவில்லை.
கடைசிக் கம்பி சாய்ந்ததும்
ஓடி வருவார்கள் என்று நினைத்தேன்.
யாரும் வரவில்லை.
புல்லின் விளிம்பில் நின்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
பிறகு செனோபியா
ஊதாச்சோளக் கஞ்சிப் பானையோடு
உள்ளே வந்து உட்கார்ந்தாள்,
கால் வலிக்கிறது என்று சொல்லி.

அந்த முதல் வருஷத்தை
என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது.
சுரங்கக்காரர்கள் தலைக்கவசத்தோடு
மந்திரி அறைக்குப் போனார்கள்.
பட்டா அய்மாரா மொழியிலும் அச்சாகி வந்தது,
எழுத்துப் பிழையோடு.
பிழையையும் சேர்த்து முத்தமிட்டான் என் மைத்துனன்.
புல்வெளியில் ஒரு லாமா குட்டி போட்டது.
காவல்காரர்கள் அதற்கு
நிதியமைச்சர் பெயரை வைத்தார்கள்.

இரண்டாம் வருஷம்
நிலச்சட்டத்தின் பதினான்காம் பிரிவைக் காணோம்.
இருந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு.
பிறகு அதுவும் இல்லை.
நிதியமைச்சர் உடல்நலம் கருதி விலகினார்,
மறுவாரம் வங்கி விருந்தில் நன்றாக ஆடினாராம்.
குட்டியின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.
டீசல் ஏறியது. மாவு லாரிகள் கணவாயில் நின்றன.
நிறுத்தியது யார் என்று ஊருக்கே தெரியும்,
வாய்திறந்தவர் இல்லை.
ரொட்டி மட்டும் சொன்னது,
நாளுக்கு நாள் சிறுத்து.

அதே புல்வெளிக்கு அதே ஜனங்கள் வந்தார்கள்.
இந்த முறை உட்காரவில்லை.
செனோபியாவின் பானையும் வந்தது, காலியாய்.
கரண்டியால் அதை அடித்துக்கொண்டிருந்தாள்.

இரவு பதினொன்றுக்கு ஆள் வந்தது.
அதே இடத்தில் நின்றிருந்தார். இப்போது தொப்பி இருந்தது,
கோட்டுக்குள் ஏதோ தடிமனாய்.
"அந்தக் கம்பிகள் எங்கே?"
சுங்கக் கிடங்கில், ஐயா.
"எத்தனை நாளாகும்?"
அறுக்கத்தான் நான்கு நாள்,
ஒட்ட ஓர் இரவு போதும் என்றேன்.
அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால்
கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன் என்று
வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.
போட்டிருக்கவில்லை.

கிடங்கில் இருநூற்று மூன்றுதான்.
ஒன்று பள்ளிக்கூட ஊஞ்சலானது, நானே வளைத்துக் கொடுத்தேன்.
ஒன்று ஒரு குழந்தையின் கல்லறைச் சிலுவை.
மற்றவை கடப்பாறைகளாய்
எங்கெங்கோ மண்ணைக் குத்திக்கொண்டிருக்கலாம்.
ஒன்பது ஓட்டைகளோடு விடியலில் முடித்தேன்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டதா என்கிறார்கள்.
வேலி எதையும் மேயவில்லை.
தளபதி அந்த ஓட்டைகள் வழியாகவும் வரவில்லை.
முதல் நாளிலிருந்தே உள்ளேதான் இருந்தார், மாடியில்,
இரண்டு அறை தள்ளி.
கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைந்தார்.

கல்லிசாயாவைச் சமையலறை வழியாகக் கொண்டுபோனார்கள்,
நான் பழுதுபார்த்த குழாய்களைத் தாண்டி.
உதடு அசைந்துகொண்டே இருந்தது என்றான் சமையல்காரன்,
ஜெபம்போல.
ஜெபமில்லை என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

புது அரசு ஒன்பது கம்பிகள் கேட்டது.
செய்து கொடுத்தேன். எனக்கு மூன்று பிள்ளைகள்.
பழையவையும் கறுப்பு, இவையும் கறுப்பு,
ஆனால் இது வேறு கறுப்பு.
தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது.
செனோபியாவுக்குத் தெரிகிறது.
அந்த இடமாகப் பார்த்துத்தான்
பானையை இறக்கி வைக்கிறாள்.